பதினான்காவது கிளை

மருத்துவமனைக்குப் பின்னால், துணி துவைக்கும் கூடத்தையும் தாண்டி, வழி தவறியவர்கள் மட்டுமே வந்து சேரும் மூலையில் பாய்லர் அறை இருந்தது. வந்தவர்களும் எக்ஸ்ரே எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இருபத்தாறு வருடங்களாக அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் பாய்லர்காரர். எக்ஸ்ரேக்கு வழி சொல்வது அவர் வேலை இல்லை. ஆனால் ஒரு நாளில் அவர் வாய் திறந்து பேசும் பேச்சில் பாதி அதுதான்.

மீதிப் பாதி இன்டர்காமில் நடக்கும். காலையில் நீராவியைத் திறந்துவிட்டதும் நாலாம் எண்ணை அழுத்துவார். அந்தப் பக்கம் லாண்டரிப் பொறுப்பில் இருக்கும் அம்மாள் எடுப்பாள்.

"ஸ்டீம் வருதா?"

"வருது."

சாயந்திரம் மறுபடியும் நாலு. "நிறுத்தலாமா?" "நிறுத்துங்க." ஒன்பது வருடமாக இதே நாலு வார்த்தைதான். எப்போதாவது நடையில் எதிரெதிரே வந்தால் இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். இன்டர்காம் இல்லாமல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

பாய்லரிலிருந்து மூன்று பைப்புகள் வெளியே போயின. ஒன்று லாண்டரிக்கு, ஒன்று சமையலறைக்கு, ஒன்று ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்கு. போகிற நீராவி தன் சூட்டைக் கொடுத்துவிட்டு வெந்நீராகும். அந்த வெந்நீர் நாலாவது பைப் வழியாகத் தொட்டிக்குத் திரும்பி வந்து, மறுபடி பாய்லருக்குள் போகும். தினமும் காலையில் அந்த நாலாவது பைப்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார் பாய்லர்காரர். முதலில் சில்லென்று இருக்கும். பத்து நிமிஷத்தில் வெதுவெதுக்கும். போனது திரும்பி வருகிறது என்று கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் டீ.

அவர் வாழ்க்கையில் போய்த் திரும்பி வருவது அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை. மனைவி போய் ஆறு வருடம். மகள் கல்யாணமாகி எங்கோ தொலைவில் இருக்கிற நகரத்தில், ஆபீஸ், குழந்தை, போக்குவரத்து நெரிசல் என்று இருந்தாள். வீட்டில் அவருக்குப் பதில் சொல்கிற ஒரே பொருள் கதவுத் தாழ்ப்பாள். அதனால் லீவு என்றாலே அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமையை எப்படியோ தள்ளிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பாய்லரைப் பார்த்தால்தான் மூச்சு சீராகும்.

அந்த மூச்சில்தான் சுற்றறிக்கை கை வைத்தது.

'ஐம்பது வயது கடந்த ஊழியர் அனைவரும் காலாண்டு முடிவதற்குள் வாழ்நாள் கற்றல் மையத்தில் பயின்று தகுதிச் சான்று பெற வேண்டும். தவறுவோர் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுவர்' என்றது அது. பொதுப் பிரிவு என்பது மாடியில் ஓர் அறை. அதில் ஏழு நாற்காலிகள், ஒரு சுவர்க்கடிகாரம். அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, காலையில் வந்து உட்கார வேண்டும், சாயந்திரம் எழுந்துகொள்ள வேண்டும். அங்கே போன பழைய டெலிபோன் ஆபரேட்டர் ஒருவருக்குக் கடிகார முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது என்று கேண்டீனில் பேச்சு. வீட்டிலும் நாற்காலி, வேலையிலும் நாற்காலி என்றால் மனுஷன் எங்கே போவது.

கற்றல் மையம் முன்பு பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருந்த அறை. ஃபைல்களை எடுத்துவிட்டுப் பெரியவர்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க ஒரு மரத்தின் படம், அதன் அடியில் 'மனித மூளை ஒரு மரம்' என்ற வாசகம். மேஜைமேல் ஆளுக்கொரு டேப்லெட். முதல் நாள் மைய இயக்குநரே வந்து உரையாற்றினார்.

"இங்க யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கப்போறதில்ல. சொல்லிக் குடுக்கறதெல்லாம் பழைய காலம். நாங்க சூழல அமைச்சுக் குடுப்போம், நீங்களே கத்துக்கணும். கத்துக்கலன்னா அது உங்க பொறுப்பு. கத்துக்கிட்டீங்கன்னா அது மையத்தோட சாதனை. போன வருஷம் முந்நூத்திப் பன்னெண்டு பேர் சேர்ந்தாங்க. எத்தன பேர் கத்துக்கிட்டாங்கன்னு சிலர் கேக்கறாங்க. அது தப்பான கேள்வி. மரத்தப் பாத்து எத்தன காய்னு கேக்கக் கூடாது, எத்தன கிளைன்னு கேக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டுவதற்கும் டேப்லெட்டில் ஒரு பொத்தான் இருந்தது. நேரில் தட்டியது கணக்கில் வராது என்பதால் இரண்டாவது தடவை பொத்தானிலும் தட்டினார்கள்.

பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் இருந்தாள். தன்மையாகத்தான் பேசினாள். வகுப்பு தொடங்குமுன் அவரவர் மனநிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். திரையில் மூன்று முகங்கள் வந்தன. ஒன்று மகிழ்ச்சி, இரண்டாவது அதிக மகிழ்ச்சி, மூன்றாவது பெருமகிழ்ச்சி. பாய்லர்காரர் இருப்பதில் குறைச்சலானதை அழுத்தினார். 'கவலை வேண்டாம், விரைவில் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொன்னது டேப்லெட்.

"இப்ப மனவரைபடம் போடப்போறோம் ஐயா. எதையும் பக்கம் பக்கமா எழுதாம, நடுவுல ஒரு வட்டம் போட்டு, அதுலருந்து கிளை கிளையாப் பிரிச்சு எழுதறது. சுலபமா மனசுல நிக்கும். மொதல்ல உங்களப் பத்தியே போடுங்க. நடுவுல நீங்க. உங்களச் சுத்தி உங்களுக்குத் துணையா இருக்கறவங்க. கொறஞ்சது அஞ்சு கிளை."

வட்டம் போடுவது சுலபமாக இருந்தது. வட்டத்துக்குள் தன் பெயரை எழுதுவதும் அப்படியே. அப்புறம் விரலைத் திரைக்கு மேல் தூக்கியபடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் பதினோராவது கிளைக்குப் போய், மச்சினனின் மச்சினனை எழுதிக்கொண்டிருந்தார்.

பாய்லர்காரர் யோசித்து 'பாய்லர்' என்று எழுதினார். 'பொருள் ஏற்கப்படாது, மனிதர் தேவை' என்று சிவப்பு எழுத்து வந்தது. 'மனைவி' என்று எழுதினார். கைபேசி எண் கேட்டது. அழித்துவிட்டார். 'மகள்' என்று எழுதி எண்ணைப் போட்டார். அது அவருக்கு மனப்பாடம், கூப்பிடுவதுதான் குறைவு. லாண்டரி அம்மாளை எழுதலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எண் கேட்டால் நாலு என்றா போடுவது?

"ஒண்ணுதான் வருதும்மா," என்றார்.

"பரவால்ல ஐயா, மெதுவாச் சேக்கலாம். நீங்க போட்ட கிளைக்கு இப்பவே செய்தி போயிரும். அவங்க சம்மதம்னு அழுத்தணும். அப்பத்தான் அது பச்சையாகும்."

அன்று சாயந்திரம் இன்டர்காமில் "நிறுத்தலாமா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் வைக்காமல் இரண்டு விநாடி பிடித்திருந்தார். உங்க செல் நம்பர் கொஞ்சம் வேணும் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "நிறுத்துங்கன்னேனே," என்றாள் அந்த அம்மாள். வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டாள். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தார். நாலு மாதத்தில் அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அப்பா, உங்க போன யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போலருக்கு. உங்க கற்றல் பயணத்துல துணை நிக்கச் சம்மதமான்னு ஒரே மெசேஜ். ஒரு நாளைக்கு எட்டு வருது."

"அது நான்தான்ம்மா குடுத்தேன். ஆபீஸ்ல ஒரு படிப்பு."

"உங்களுக்கெதுக்குப்பா இந்த வயசுல படிப்பு? நான் லிங்க்னு பாத்ததும் பிளாக் பண்ணிட்டேன். இப்ப அத எப்படி எடுக்கறதுன்னு தெரியல. மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசறேன். சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று அவர் சொல்வதற்குள் மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அவருடைய வரைபடத்தில் ஒரே கிளை சாம்பல் நிறமாக இருந்தது. அதன் மேல் 'பட்டுப்போனது' என்று எழுதியிருந்தது. மென்பொருள் செய்தவர்கள் மரம் சம்பந்தப்பட்ட வார்த்தைகளையே எல்லா இடத்திலும் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த வார்த்தையை அவர் விரலால் துடைத்துப் பார்த்தார். பயிற்சிப் பெண் அதைக் கவனித்திருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப்போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கும் அஞ்சு வேணும்னு சொன்னாங்க ஐயா, வேலைல சேரும்போது. அஞ்சுமே இந்த மையத்துல வேல பாக்கறவங்கதான். எல்லாருக்கும் எல்லாரும் அழுத்திக்கிட்டோம். உங்கள இதத் தாண்டி அடுத்த பாடத்துக்கு விடறேன். ஆனா கடைசில சான்று வாங்கறதுக்குள்ள இத முடிச்சாகணும்."

அடுத்த பாடம் 'என் பணியின் மனவரைபடம்'. இதைக் கேட்டதும் பாய்லர்காரருக்கு உயிர் வந்தது. சிறு பிள்ளைபோல் நிமிர்ந்து உட்கார்ந்து வேகமாக வரைந்தார். நடுவில் பாய்லர், மூன்று பக்கம் மூன்று கிளை, மூன்றின் நுனியும் ஒன்றுகூடி நாலாவது கோடாகத் திரும்பிப் பாய்லருக்கே வர வேண்டும். அந்தத் திரும்பும் கோட்டை இழுத்தார். விரலை எடுத்ததும் அது அறுந்து விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி விழுந்தது. 'கிளை வேருக்குத் திரும்ப இயலாது' என்றது சிவப்பு எழுத்து.

"அம்மா, இது திரும்பி வரணும்."

"மனவரைபடத்துல திரும்பி வர்றது கெடையாது ஐயா. நடுவுலருந்து வெளிய போய்க்கிட்டே இருக்கும். அதான் இதோட தனிச்சிறப்பு."

"போய்க்கிட்டே இருந்தா பாய்லர்ல தண்ணி தீந்துருமேம்மா."

இந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லாததால் அவள் இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மென்பொருள் நாப்பது நாட்டுல ஓடுது," என்றார். "அங்கெல்லாம் பாய்லர் இல்லயா? எல்லாருக்கும் சரியா இருக்கறது உங்களுக்கு மட்டும் சரியா இல்லன்னா, தப்பு எங்க இருக்குன்னு யோசிங்க. நீங்க எல்லாத்தயும் வட்டமாவே பாத்துப் பழகிட்டீங்க. நாங்க உடைக்க நெனைக்கறதே அந்த வட்டத்ததான்."

"சார், நான் உடைச்சா தண்ணி—"

"இந்த நாலாவது கோட்ட எடுத்துட்டுப் பதிவு பண்ணிப் பாருங்க."

எடுத்துவிட்டுப் பதிவு செய்தார். டேப்லெட் மத்தாப்பு மாதிரி வண்ணப் பொறிகளைச் சிதறவிட்டது. படம் தெளிவாகவும் சமச்சீராகவும் இருப்பதாகச் சொல்லி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது. இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி ஃபிளெக்ஸில் அடித்து, 'கற்றவர் வரைந்தது' என்று கீழே போட்டு, பாய்லர் அறை வாசலிலேயே கட்டிவிட்டார்கள். எக்ஸ்ரே தேடி வந்தவர்கள் அதன் முன் நின்று எக்ஸ்ரே எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடினார்கள். பாய்லர்காரர் உள்ளே போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். தன் கையால் வரைந்த பொய் தன் வாசலிலேயே தொங்குவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் படம்தானே, யாரைக் கடித்துவிடப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டார். அங்கேதான் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

இரண்டு வாரத்தில் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. பணியிடமும் வரைபடமும் ஒத்துப்போகின்றனவா என்று நேரில் சரிபார்ப்பார்களாம். குழு வருகிற அன்று காலை ஏழு மணிக்கு இயக்குநர், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வரைபடமுமாகப் பாய்லர் அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்து எண்ணினார்.

"இங்க நாலு பைப் இருக்கே."

"ஆமா சார். நாலாவதுதான் திரும்பி வர்றது."

"படத்துல மூணுதான் இருக்கு. குழு வந்து எண்ணிப் பாத்தா என்ன பதில் சொல்றது? இத மூடுங்க. ஓடாதது பைப் கணக்குல வராது."

"மூடினா திரும்புற தண்ணியச் சாக்கடைலதான் விடணும் சார். தொட்டிக்கு வெளித்தண்ணி வர்றது சின்னக் குழாய், தாக்குப்பிடிக்காது. மத்தியானத்துக்குள்ள தீந்துரும்."

"குழு பதினோரு மணிக்கு வந்துட்டுப் போயிரும். அதுவரைக்கும் தாங்குமில்ல?"

"தாங்காட்டி?"

"உங்களுக்கு இன்னும் அஞ்சு கிளை சேரலன்னு கேள்விப்பட்டேன்," என்றார் இயக்குநர், வேறு ஏதோ ஞாபகம் வந்ததுபோல. "பொதுப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

பாய்லர்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க சார்," என்றார்.

"எழுத்துலயா ஒரு நிறுவனம் நடக்குது? நம்பிக்கைல நடக்குது."

நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு இயக்குநர் போய்விட்டார். பாய்லர்காரர் நாலாவது பைப்பின் வால்வை மூடினார், சாக்கடைப் பக்கம் திறந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே ஒரு தப்பைச் செய்தது அன்றுதான். செய்யாமல் இருந்திருக்கலாம். அந்த ஏழு நாற்காலியும் கண் முன்னால் வந்தபோது கை தானாகத் திருகிவிட்டது. பழக்கத்தில் உள்ளங்கையைப் பைப்பின்மேல் வைத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. அது சில்லென்றே இருந்தது. டீ குடிக்கவில்லை.

பத்தரை மணிக்குத் தொட்டியில் தண்ணீர் அடி தட்டியது. பாய்லரின் கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு விரல் இறங்கினால் அப்புறம் பாய்லரும் இருக்காது, பாய்லர்காரரும் இருக்கமாட்டார். இயக்குநருக்குப் போன் போட்டார். 'நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், பிறகு அழையுங்கள்' என்று பதில் செய்தி வந்தது. இரண்டாவது தடவை போடவில்லை. எரியும் அடுப்பை அணைத்தார், நீராவியை மூடினார், பாய்லரை முழுக்க நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அறை வேறு யாருடையதோ போல இருந்தது.

இன்டர்காம் அடித்தது. ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது இதுதான் முதல் தடவை.

"ஸ்டீம் வரலயே."

"நிறுத்திட்டேன்மா. தண்ணி இல்ல."

அந்தப் பக்கம் மெஷின்கள் சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

இந்தக் கேள்வியை ஆறு வருடமாக யாரும் கேட்கவில்லை. "இல்லம்மா," என்றார். இன்னும் ஏதோ சொல்ல இருந்தது, அதற்குள் அங்கே யாரோ ஈரப் போர்வைகளை என்ன செய்வதென்று அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே சிறிது நேரம் நின்றிருந்தார்.

தர மதிப்பீட்டுக் குழு பாய்லர் அறைப் பக்கமே வரவில்லை. கூட்ட அறையில் உட்கார்ந்து, ஃபிளெக்ஸின் புகைப்படத்தைத் திரையில் பார்த்து, மூன்று கிளைகளையும் எண்ணி, சரி என்று குறித்துக்கொண்டார்கள். அத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சமையலறையில் நீராவி இல்லாததால் குழுவுக்கு டீ வரவில்லை. போர்வைகள் நனைந்து கிடந்ததும் ஆபரேஷன்கள் ஒரு நாள் தள்ளிப்போனதும் யார் கண்ணிலும் படவில்லை. டீ வராதது கண்ணில் பட்டது. உடனே விசாரணைக்கு உத்தரவாயிற்று.

விசாரணையும் மனவரைபட முறையில்தான் நடந்தது. காரணத்தை நடுவில் போட்டு, காரணத்துக்குக் காரணங்களைக் கிளைகளாகப் பிரிக்க வேண்டும். பெரிய திரையில் ஒரு வட்டம் தோன்றியது.

"பாய்லர யாரு நிறுத்தினது?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"நான்தான் சார். நிறுத்தலன்னா—"

"அது போதும்," என்று சொல்லி வட்டத்துக்குள் அவர் பெயரைப் போடச் சொன்னார்.

அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் டேப்லெட்டிலிருந்து கிளைகளைச் சேர்த்தார்கள். இயக்குநர் 'அலட்சியம்' என்று ஒன்று போட்டார். கணக்கு அதிகாரி 'வயது' என்றார். மனிதவள அதிகாரி 'புதுமையை ஏற்காமை' என்று போட்டு, எழுத்துப்பூர்வ உத்தரவு கேட்கும் மனப்பான்மை என்று இன்னொன்றும் சேர்த்தார். செவிலியர் கண்காணிப்பாளருக்கு இவரைத் தெரியாது. அதனால் 'தெரியாதவர்' என்று போட்டார். ஒவ்வொரு கிளையும் முளைக்கும்போது டேப்லெட்டிலிருந்து குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி, பாவம் இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு அழகாக வண்ணமும் தீட்டினார்கள்.

பாய்லர்காரர் பேச அனுமதி கேட்டார். "நாலாவது பைப்ப மூடினதாலதான் சார் தண்ணி தீந்தது."

"எந்த நாலாவது பைப்?" என்றார் இயக்குநர்.

"திரும்பி வர்ற பைப் சார். காலைல நீங்க வந்து—"

குழுத் தலைவர் தன் கையிலிருந்த வரைபடத்தைப் புரட்டினார். "இதுல மூணுதானே இருக்கு. இது நீங்க வரைஞ்சதுதானே?"

அவர் வரைந்ததுதான். அதை மறுக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

முடிவில் பதினான்கு கிளைகள் இருந்தன. இளகிய மனம் படைத்த குழு, பொதுப் பிரிவுக்கு அனுப்பத் தேவையில்லை, கற்றல் மையத்தில் முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்துச் சான்று வாங்கினால் போதும், வாங்காவிட்டால் நாற்காலி இருக்கவே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆம்புலன்ஸ் டிரைவர் அவர் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை பாய்லர்காரர் நாலாவது பைப்பைத் திறந்து, அது வெதுவெதுக்கும் வரை கையை வைத்திருந்துவிட்டு, கற்றல் மையத்துக்குப் போனார். ஃபிளெக்ஸ் வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாரும் உத்தரவிடவில்லை.

பயிற்சிப் பெண் அவர் முன்னால் டேப்லெட்டை வைத்தாள். மூன்று முகங்கள் வந்தன, மகிழ்ச்சியை அழுத்தினார். நடுவில் வட்டம் போட்டுப் பெயர் எழுதச் சொன்னது, எழுதினார். அடுத்த கணம் வட்டத்தைச் சுற்றிச் சடசடவென்று கிளைகள் முளைத்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. வண்ணப் பொறிகள் சிதறின.

'வாழ்த்துகள். உங்கள் துணை வலையமைப்பு மிக வலுவாக உள்ளது' என்றது டேப்லெட்.

"என்னம்மா இது?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "விசாரணைல போட்ட படம் ஐயா. நடுவுல உங்க பேர் இருக்கறதால இதுவே எடுத்துக்கிச்சு. நிர்வாகம் சேத்த கிளைய அது மனுஷனா பொருளான்னு சோதிக்காது. யாரு போட்டாங்களோ அவங்க நம்பரும் தானா வந்துருச்சு." அவள் விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. 'அலட்சியம்' என்ற கிளைக்கு இயக்குநரின் எண். அவர் போட்டபோதே சம்மதமும் பதிவாகி, அது பளிச்சென்று பச்சையாக இருந்தது. 'வயது' பச்சை. 'தெரியாதவர்' என்பதும் பச்சை. மரம் செழித்து நின்றது. "பதிமூணும் பச்ச ஐயா. இது ஒண்ணுதான் பாக்கி."

பதினான்காவது கிளை கடைசியில் ஓரமாக இருந்தது. அதில் 'தனிமை' என்று எழுதியிருந்தது. விசாரணை அன்று அதைப் பாய்லர்காரர் கவனிக்கவில்லை.

"இத யாரும்மா போட்டது?"

"பேர் இல்லாமப் போட்டுருக்காங்க ஐயா," என்றாள் அவள். சொல்லிவிட்டு டேப்லெட்டின் ஓரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். விசாரணையின்போது பெரிய திரையை இயக்கியவள் அவள்தான். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

"எடுத்துடலாமா?"

"குழு படத்துல இருக்கறத எடுக்க முடியாது. இத நெரப்பாம சான்றும் வராது. ஒரு நம்பர் போட்டாகணும்."

"யார் நம்பரப் போடறது?"

"அதுக்குச் சொந்தக்காரங்க யாரோ, அவங்களோடது."

பாய்லர்காரர் யோசித்தார். மகள் பிளாக் செய்திருப்பதால் அவள் எண்ணைப் போட்டால் செய்தி பாதியில் அடைபட்டுக் கிடக்கும். லாண்டரி அம்மாளைப் பற்றி அவருக்குத் தெரிந்த எண் நாலுதான். நேற்று அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருந்தது. அதற்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் இன்று இந்தக் கட்டத்தில் போட ஓர் எண் இருந்திருக்குமோ என்னவோ. அவருக்கு அழுகை வந்தது. டேப்லெட்டின் முன்னால் அழுதால் அதற்கும் ஏதாவது வாழ்த்துச் சொல்லும் என்று அடக்கிக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வோர் இலக்கமாகத் தன் கைபேசி எண்ணையே தட்டினார்.

சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இவரது கற்றல் பயணத்தில் துணைநிற்கச் சம்மதமா என்று கேட்டு, கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு. பயிற்சிப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாய்லர்காரர் சம்மதத்தை அழுத்தினார். டேப்லெட்டில் பதினான்காவது கிளை பச்சையாயிற்று, சான்றிதழ் வந்தது. அவர் அனுப்பச் சொன்ன செய்திகளிலேயே உடனே பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்.